மரம் நடுதலும் காடு மீட்டலும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினத்தன்று மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் வீதியோரங்களிலும் மரக்கன்றுகள் நடப்படுகின்றன. நல்ல மனத்தோடு செய்யப்படும் காரியம் அது. ஆனால் நம் பகுதியில் அது கச்சான் காற்றின் காலம். மேற்கிலிருந்து மலைகளைக் கடந்து வரும் அந்த வறண்ட காற்று நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அடுத்த நல்ல மழையை ஒக்டோபருக்கு முன் எதிர்பார்க்க முடியாது. ஜூன் மாதத்தில் மழை பெறுவது நாட்டின் தென்மேற்குப் பகுதியே. நான் மாணவனாக இருந்த காலத்தில் பாடசாலை வளவில் வரிசையாக நட்ட கன்றுகளுள் அடுத்த தவணை தொடங்கியபோது உயிரோடிருந்தவை இரண்டு மட்டுமே. அவையும் தண்ணீர்க் குழாயின் அருகே நின்றவை. அந்த இரண்டு கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்ற நாளில்தான், மரம் நடுவது வேறு, காடு வளர்வது வேறு என்ற எண்ணம் எனக்கு முதன்முதலில் தோன்றியது.

காட்டை மீட்பது என்று சொன்னவுடன், மண்வெட்டியும் கன்றும் கையுமாக நிற்கும் ஒருவரே நம்மிற் பலருடைய மனக்கண்ணில் தோன்றுகிறார். காடுகளைப் பற்றி ஆராய்பவர்கள் அச்சொல்லால் குறிப்பது இதைவிட விரிவானது. அழிந்துபோன அல்லது நலிந்துபோன ஒரு காட்டில் மண், நீர், மரம், கொடி, பூச்சி, பறவை, விலங்கு ஆகியவற்றுக்கிடையே முன்பு இருந்த உறவுகள், மனிதரின் துணையின்றித் தாமாகவே இயங்கத் தொடங்கும் நிலைக்கு அந்த நிலத்தைக் கொண்டுவருவதையே அவர்கள் காடு மீட்டல் என்கிறார்கள். மரம் நடுவது அதற்குரிய வழிகளுள் ஒன்று. பல இடங்களில் அதுவே கடைசி வழி. ஏன் கடைசி வழி என்பதைப் புதிதாக அறிய விரும்புவோருக்கு விளக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் உலகக் கணக்கைப் பார்ப்போம். ஐக்கிய நாடுகள் சபையின் உணவு விவசாய அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பூமியில் 406 கோடி ஹெக்டேயர் காடு உள்ளது. இது தரைப்பரப்பில் 31 சதவீதம். அதில் பாதிக்கு மேல் ரஷ்யா, பிரேசில், கனடா, ஐக்கிய அமெரிக்கா, சீனா ஆகிய ஐந்து நாடுகளில் இருக்கிறது. 1990க்குப் பிந்திய 30 ஆண்டுகளில் 42 கோடி ஹெக்டேயர் காடு வெட்டப்பட்டு வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டது. இலங்கையைப் போன்ற அறுபதுக்கு மேற்பட்ட தீவுகளை ஒன்றாகச் சேர்த்தால் வரும் பரப்பு அது. இந்த அழிவுக்கு விறகு வெட்டும் ஏழைகளே காரணம் என்று நினைப்பது தவறு. உலகக் காடழிப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் விவசாய நில விரிவாக்கத்தால் நிகழ்கிறது என்று அதே அமைப்பு 2021இல் அறிவித்தது. மாட்டிறைச்சிக்கான மேய்ச்சல் நிலம், சோயா, செம்பனை எண்ணெய் ஆகியவை அதில் பெரும்பங்கு வகிப்பவை. அவற்றை வாங்குபவர்கள் பெரும்பாலும் அந்தக் காடுகளை ஒருநாளும் பார்க்காதவர்கள்.

இந்தக் கணக்கில் புதியவர்கள் தடுமாறும் ஓரிடம் உண்டு. 2015 முதல் 2020 வரை ஆண்டுக்கு ஒரு கோடி ஹெக்டேயர் காடு அழிக்கப்பட்டது என்று சொல்லும் அதே அறிக்கை, 2010 முதல் 2020 வரையான நிகர இழப்பு ஆண்டுக்கு 47 லட்சம் ஹெக்டேயர் மட்டுமே என்றும் சொல்கிறது. இரண்டும் சரியான எண்களே. முதலாவது, வெட்டப்பட்டதை மட்டும் சொல்கிறது. இரண்டாவது, வெட்டப்பட்டதிலிருந்து புதிதாக வளர்ந்ததையும் நடப்பட்டதையும் கழித்துச் சொல்கிறது. கழித்தல் கணக்காக அது சரியாக இருந்தாலும், வெட்டப்பட்டதும் அதற்கு ஈடாகக் கழிக்கப்படுவதும் ஒரே பொருள்தானா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்த அமைப்பின் வரைவிலக்கணப்படி, அரை ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் ஐந்து மீற்றருக்கு மேல் உயரும் மரங்கள் நின்று, அவற்றின் இலைக்கூரையான கவிகை நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தால், அது விவசாய நிலமாகவோ நகரமாகவோ இல்லாதவரை, காடு எனப்படும். ஆகவே உன்னிச்சைக்கு அப்பால் நூறாண்டு நின்ற பாலையும் முதிரையும் கொண்ட ஒரு காடு வெட்டப்பட்டு, அதே அளவு பரப்பில் வேறெங்கோ தேக்கு நடப்பட்டால், ஏட்டில் இழப்பு எதுவும் இராது.

தேக்கந்தோப்புக்குள் ஒருமுறை நடந்து பார்த்தவர்களுக்கு வேறுபாடு புரியும். ஒரே வயது, ஒரே உயரம், ஒரே இலை. கோடையில் இலை முழுவதும் உதிர்ந்து காய்ந்து, தீக்குச்சி ஒன்றுக்குக் காத்திருப்பதுபோல் நிலம் கிடக்கும். நம் உலர்வலயக் காடு அப்படிப்பட்டதல்ல. மேலே பாலையும் வீரையும் கருங்காலியும் கூடி நிற்க, நடுவே சிறுமரங்களும் கீழே முட்பற்றையும் கொடிகளும் அடர்ந்திருக்கும். பாலை பழுக்கும் மாதங்களில் கரடி அதைத் தேடி மரமேறும். யானை விளாம்பழத்தை முழுதாக விழுங்கி வேறோரிடத்தில் இலத்தியோடு அதன் விதையை விதைத்துவிட்டுப் போகும். கரடியனாறு என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் கரடியைக் கதையில் கேட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். கிண்ணையடி, இலுப்படிச்சேனை, கொக்கட்டிச்சோலை, நாவற்குடா, பனிச்சங்கேணி, மருதமுனை, ஆலையடிவேம்பு என்று நம் ஊர்ப்பெயர்களையே ஒரு முறை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால், இந்தக் கரை முழுவதும் எந்த மரங்கள் நின்றன என்ற பட்டியல் ஒன்று தானாகக் கிடைத்துவிடும். மீட்க வேண்டிய காடு எதுவென்று கேட்பவர்கள் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.

இனி, மீட்டலின் படிகளுக்கு வருவோம். முதற்படி, இருப்பதைக் காத்தல். முதிர்ந்த காடு ஒன்று உருவாக நூற்றாண்டுகள் ஆகும் என்பதால், அதை வெட்டிவிட்டு மீண்டும் உண்டாக்குவதைவிட வெட்டாமல் விடுவதே எளிது, மலிவு, பயன் மிகுந்தது. அம்பாறை மாவட்டத்தில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு கண்முன்னே இருக்கிறது. கல்லோயா என்றும் அழைக்கப்படும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் என்னும் பெருங்குளத்தைக் கட்டியபோது, கீழ்ப்புறத்தில் பெருங்காடு வெட்டப்பட்டு வயலாயிற்று. ஆனால் நீரேந்து பகுதியைக் காப்பதற்காக 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர். குளத்துக்கும் காட்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். மலைச்சரிவில் காடு இருந்தால் மழைத்துளி முதலில் இலையில் விழுகிறது, பிறகு சருகில் விழுகிறது, பிறகு வேர்கள் துளைத்து வைத்த மண்ணுக்குள் மெல்ல இறங்கி, மழை நின்ற பின்னரும் ஓடைகளில் கசிந்து வருகிறது. காடு இல்லையென்றால் அந்த நீர் மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலில் குளத்தை அடைகிறது. ஆண்டுதோறும் சேரும் அந்த வண்டலால் குளம் தன் கொள்ளளவை இழக்கிறது. கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் சிறுபோகம் செய்யும் விவசாயிகள் தம் வட்டைக்கு வரும் வாய்க்கால் நீரை, தாம் பெரும்பாலும் போயிராத ஒரு காட்டிலிருந்தே பெறுகிறார்கள். அந்தப் பூங்காவின் புல்வெளிகளில் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் நிற்கின்றன என்பதை இங்கே சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. நம் மருந்துக் கடைகளில் விற்கும் திரிபலாவின் மூன்று மரங்களும் ஒரே காட்டில் இருக்கின்றன.

இரண்டாவது படி, திரும்பி வர விரும்பும் காட்டுக்கு வழிவிடுதல். இதை நம் முன்னோர் சேனைப் பயிர்ச்செய்கையில் கண்ணாலேயே கண்டிருக்கிறார்கள். காட்டை வெட்டி எரித்து, ஓரிரு போகம் குரக்கனோ சோளமோ எடுத்துவிட்டு நிலத்தை விட்டுப் போனால், முதல் மழைக்கே வெட்டிய அடிக்கட்டைகள் துளிர்க்கும். அடுத்து முட்பற்றைகள் எழும்பும். அந்த முள்ளின் நிழலில், மாட்டின் வாய்க்கு எட்டாமல், பறவை எச்சத்தில் வந்த விதைகள் முளைத்து மெதுவாக வளரும். நாம் வெறும் பற்றை என்று சொல்லித் துப்புரவு செய்துவிடும் அந்த நிலம் உண்மையில் காட்டின் குழந்தைப் பருவம். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தென்னந்தோப்புகளோடு சேர்ந்து, உள்நாட்டில் பொலன்னறுவை வரை காட்டு மரங்களும் கணக்கின்றி விழுந்தன. தென்னைகளை மக்கள் மீண்டும் நட வேண்டியிருந்தது. காட்டின் வெற்றிடங்களையோ நின்றவற்றின் விதையும் விழுந்தவற்றின் தளிரும் நிரப்பத் தொடங்கின.

இதே உண்மையைக் கொண்டு ஒரு நாட்டின் நிலத்தோற்றமே மாறியிருக்கிறது. ஆபிரிக்காவில் சஹாராப் பாலைவனத்தின் தென்விளிம்பில் உள்ள நைஜரில், 1980களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியரான டோனி ரினாடோ மரக்கன்றுகளை நட்டு நட்டுத் தோற்றுக்கொண்டிருந்தார். நட்டவற்றில் பெரும்பாலானவை பட்டுப்போயின. 1983இல், வயலிடையே களையென்று ஆண்டுதோறும் வெட்டப்பட்ட புதர்கள் உண்மையில் புதர்களே அல்ல, நிலத்தடியில் உயிரோடிருக்கும் பழைய மரங்களின் வேர்கள் விடும் தளிர்கள் என்று அவர் கண்டுகொண்டார். ஓர் அடிக்கட்டையில் எழும் தளிர்களில் நல்லவை இரண்டு மூன்றை விட்டு மற்றவற்றைக் கழித்துவிட்டு, மாடும் கத்தியும் அணுகாமல் பார்த்துக்கொண்டால் போதும். விவசாயிகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யத் தொடங்க, காலப்போக்கில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேயர் விளைநிலத்தில் மரங்கள் மீண்டன. புதிதாக ஒரு கன்றும் நடாமல் நிகழ்ந்த மாற்றம் இது.

ஆனால் எல்லா நிலமும் இவ்வாறு தானாக மீள்வதில்லை. கோடைதோறும் புதுப்புல்லுக்காக வைக்கப்படும் தீ, தளிரை நிற்கவிடாமல் மேயும் கால்நடை, இலுக்குப் புல்லின் அடர்ந்த வேர்ப்பாய், விதை தரும் தாய்மரம் அருகில் இல்லாமை ஆகிய தடைகளுள் ஒன்றோ பலவோ இருக்கும். அப்போது செய்ய வேண்டியது, அந்தத் தடை எதுவென்று கண்டு அதை மட்டும் நீக்குவது: தீத்தடுப்புப் பாதை வெட்டலாம், வேலி இடலாம், தளிரைச் சுற்றியுள்ள புல்லை மட்டும் மிதித்துச் சாய்க்கலாம். காட்டுக்கு மனிதர் கைகொடுக்கும் இம்முறையை உதவியுடனான இயற்கை மீளுருவாக்கம் என்பர்.

தடையைக் கண்டறியாமல் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கரையோரமே வேதனையான சான்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, இந்நாட்டில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். உவர்நீர்ச் சேற்றோரங்களில் வளரும் கண்டற்காடுகள் அலையின் வேகத்தைத் தணிக்கும் என்ற செய்தி பரவியதும், உலகெங்குமிருந்து பணம் வந்தது. நாட்டின் பல கரைகளில் கண்டற் கன்றுகள் நடப்பட்டன. இலங்கை, பெல்ஜிய ஆய்வாளர்கள் 23 இடங்களை நேரில் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவின்படி, நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே தேறியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் எஞ்சவில்லை. உறவுகளைப் புதைத்த கையோடு கன்று நட்ட மக்களின் உழைப்பு அவ்வாறு வீணானதை எண்ணும்போது, எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

ஏன் தேறவில்லை? கண்டல் உவர்நீரில் வளரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாதி உண்மை. மற்றப் பாதி என்னவென்றால், அது எப்போதும் நீரில் மூழ்கியிருக்க முடியாது. அதன் வேர் மூச்சுவிட வேண்டும். தாங்கு வேர்கள் வளைந்து நிற்பதும், வெண்கண்டலின் வேர்கள் சேற்றுக்கு மேல் விரல்கள்போல் நீட்டிக்கொண்டிருப்பதும் அதற்காகவே. நீர் ஏறி வடியும் எல்லைக்குள், அதிலும் சற்று உயர்ந்த பகுதியில்தான் அது வேரூன்றும். அந்த உயரம் ஒரு சாண் பிசகினாலும் கன்று அழுகிவிடும் அல்லது காய்ந்துவிடும். நடப்பட்ட இடங்கள் பலவற்றில் நிலமட்டம் பொருந்தவில்லை, நீரோட்டம் இல்லை, பாசி மூடியது, மாடு மேய்ந்தது. கையில் எடுத்து நடுவதற்கு எளிது என்பதால் நீண்ட முளைக்காய் விடும் ஒரே வகைக் கண்டலே பெரும்பாலும் நடப்பட்டது. மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீரில் விழுந்து, மிதந்து சென்று, ஏற்ற இடத்தில் ஊன்றிக்கொள்ளும் அந்த முளைக்காய் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும் இயல்புடையது.

மட்டக்களப்பு வாவியில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் இவ்வாவியில் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது கடலின் ஏற்றவற்றம் மட்டுமன்று. மாரி வெள்ளமும், முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கிறதா வெட்டித் திறக்கப்பட்டிருக்கிறதா என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. உப்பின் அளவும் அவற்றோடு கூடிக் குறையும். உப்புக் குறைந்த ஓரங்களில் கிண்ணை நிற்கும். சற்று மேட்டில் தில்லை நிற்கும். அம்பாறைக் கரையின் தென்கோடியில் குமண வில்லு என்னும் நீர்நிலையைச் சூழ்ந்து நிற்பதும் கிண்ணையே. எந்த ஓரத்தில் எது நிற்கும் என்பதை இறால், நண்டு பிடிக்கும் மீனவர் ஒருவர் தோணியில் இருந்தபடியே சொல்லிவிடுவார். போர்க்காலப் பாதுகாப்புக் காரணங்களுக்காகவும் இறால் பண்ணைகளுக்காகவும் இக்கரையில் கண்டல்கள் வெட்டப்பட்டன. அவ்வாறான இடங்களில், கைவிடப்பட்ட அணைவரம்பை உடைத்து நீர் மீண்டும் வந்து போக விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ரொபின் லூயிஸ் என்ற அறிவியலாளர் நிலமட்டத்தையும் நீரோட்டத்தையும் திருத்தி, கன்று நடாமலேயே கண்டற்காடுகளை மீட்டுக் காட்டினார். இலங்கையும் பழைய தோல்வியிலிருந்து கற்றிருக்கிறது. அறிவியல் அடிப்படையில் கண்டலை மீட்கும் நம் நாட்டின் முயற்சியை, உலகின் முன்மாதிரித் திட்டங்களுள் ஒன்றாக ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் 2024இல் அறிவித்தது.

நட்டே ஆக வேண்டிய நிலங்களும் உண்டு. கல் அகழ்ந்த குழிகள், மேல்மண் முழுவதும் போன வெளிகள், விதைமரம் வெகுதொலைவில் உள்ள பழைய தோட்டங்கள் ஆகியவை அத்தகையவை. அங்கே நடுவதற்கும் முறை இருக்கிறது. அந்தந்தக் காட்டுக்குரிய மரங்களையே, பல வகையாகக் கலந்து நட வேண்டும். விரைவில் நிழல் தருபவையும், பறவைகளையும் வௌவால்களையும் அழைக்கும் பழமரங்களும் முதலில் வேண்டும், ஏனெனில் மீதி மரங்களை அவையே கொண்டுவந்து சேர்க்கும். தாய்லாந்தின் சியாங் மாய் பகுதியில் இம்முறை பல ஆண்டுகளாகக் கையாளப்படுகிறது. நம் மாவட்டங்களைப் பொறுத்தவரை நாவலும் விளாவும் வீரையும் இந்த வேலைக்கு ஏற்றவை என்பது என் எண்ணம். காலமோ ஒக்டோபர் இறுதியில் நிலம் நனைந்த பின்னர். அப்போது நட்டால் கன்றுக்கு மூன்று மாத மாரி கிடைக்கும், கச்சான் வருவதற்குள் வேர் ஆழத்துக்குப் போயிருக்கும். ஜூன் 5இல் விழா எடுக்க விரும்பும் பாடசாலைகள் அன்று விதை சேகரிக்கலாம், நாற்றுமேடை தொடங்கலாம்.

உலக நாடுகளின் உறுதிமொழிகளையும் இந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். 2011இல் ஜெர்மனியின் பொன் நகரில் தொடங்கப்பட்ட திட்டம், 2030க்குள் 35 கோடி ஹெக்டேயர் நிலத்தை மீட்பது என்ற இலக்கைக் கொண்டது. 2021இல் கிளாஸ்கோவில் நூற்றுநாற்பதுக்கு மேற்பட்ட நாடுகள் 2030க்குள் காடழிப்பை நிறுத்தித் திருப்புவதாக ஒப்பமிட்டன. ஆனால் பொன் திட்டத்தின் கீழ் நாடுகள் வெளியிட்ட திட்டங்களை ஆராய்ந்த அறிவியலாளர்கள், உறுதியளிக்கப்பட்ட பரப்பில் 45 சதவீதம் வணிக மரத்தோட்டங்களாக அமையவிருப்பதை 2019இல் எடுத்துக்காட்டினர். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை வெட்டப்படும் தோட்டம், தான் சேர்த்த காபனில் பெரும்பகுதியை மீண்டும் காற்றுக்கே கொடுத்துவிடும்.

இவை எல்லாவற்றோடும் இணைந்த ஒரு கேள்வி, காடு யாருடையது என்பது. எல்லைக்கல்லை மட்டும் நட்டுவிட்டு, அந்நிலத்தில் தலைமுறைகளாக மாடு மேய்த்தவரையும் தேன் எடுத்தவரையும் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டால், அவர்கள் கண்ணில் அது திணைக்களத்தின் காடாகிவிடும். தீப்பிடித்தால் அணைக்க ஓடிவரும் மனம் அவர்களுக்கு எப்படி வரும்? நேபாளம் 1993ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் மூலம் ஊர்க் குழுக்களிடம் காட்டின் பொறுப்பையும் பயனையும் ஒப்படைத்தது. எப்போது மேய்ப்பது, எவ்வளவு விறகு எடுப்பது என்பதை ஊராரே கூடி முடிவு செய்தனர். 1992இல் 26 சதவீதமாக இருந்த அந்நாட்டின் காட்டுப்பரப்பு 2016இல் 45 சதவீதமாயிற்று. வளர்ந்ததில் பெரும்பகுதி, மேய்ச்சலும் வெட்டும் குறைந்ததால் தானாக மீண்ட காடு. நம் மாவட்டங்களில் வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் பக்கங்களில் இரவுதோறும் யானைக்கு அஞ்சிக் காவல் இருக்கும் குடும்பங்களிடம் காட்டைக் காக்கச் சொல்வதானால், துண்டு துண்டாகப் போன காடுகளுக்கிடையே யானை போகும் வழியை மீட்பதும் அந்தப் பேச்சில் சேர்ந்திருக்க வேண்டும்.

மீட்டது தேறியதா என்பதை நட்ட அன்று எடுத்த படத்தைக் கொண்டு அறிய முடியாது. ஐந்தாவது மாரி கழிந்த பின்னர் அதே இடத்துக்குப் போய், மரநிழலில் குனிந்து, யாரும் நடாத ஒரு வீரைக் கன்றோ நாவற் கன்றோ முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; கண்டற்கரையானால் சேற்றில் நண்டு வளைகள் வந்திருக்கின்றனவா, பழைய கன்றுகளுக்கிடையே மிதந்து வந்த புது முளைக்காய்கள் ஊன்றி நிற்கின்றனவா என்று பார்த்து, எண்ணி, எழுதி வைக்க வேண்டும்.